பிடிக்காத நங்கூரம்

கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் ஒரு பொருளுக்குப் பக்கத்திலேயே, அது இன்னதென்று சொல்லும் சீட்டு ஒன்றையும் கட்டித் தொங்கவிட வேண்டியிருந்தால், அந்தப் பொருள் அங்கே என்ன வேலை செய்கிறது என்ற கேள்வி என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தில் இதைச் சொன்னபோது, "டீச்சருக்கு எல்லாத்துலயும் ஒரு கேள்வி" என்று சிரித்துவிட்டு அவரவர் கையிலிருந்த வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். ஆனால் நட்சத்திரத்துக்கு யாரும் சீட்டு எழுதுவதில்லை. டிசம்பர் பிறந்ததும் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் பால்கனிக் கம்பிகளில் காகித நட்சத்திரம் ஏறிவிடும், உள்ளே ஒரு பல்பு எரியும், அது யார் வீடு என்று தண்ணீர் கேன் போட வரும் பையன் முதற்கொண்டு எல்லோருக்கும் தெரியும். குடிலும் அப்படித்தான், மாட்டுக் கொட்டில், வைக்கோல், குழந்தை, அவ்வளவு போதும். நாங்கள் பார்த்துப் பார்த்துச் செய்து ஆலய மரத்தில் தொங்கவிட்ட வெள்ளை, பொன் நிறச் சின்னங்களோ சீட்டில்லாமல் பெரும்பாலோருக்குப் புரியவில்லை.

இவ்வகைச் சின்னங்களுக்குக் கிறிஸ்மான் என்று பெயர். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் டேன்வில் என்ற ஊரிலுள்ள அசென்ஷன் லுத்தரன் ஆலயத்தைச் சேர்ந்த ஃபிரான்சஸ் கிப்ஸ் ஸ்பென்சர் என்ற பெண்மணி, 1957-இல் தம் ஆலயத்து மரத்துக்காக முதலில் இவற்றைச் செய்தார். ஆலயத்துக்குள் நிற்கும் மரம் கிறிஸ்துவைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அதற்காக ஆதித் திருச்சபையார் கல்லறைச் சுவர்களிலும் மோதிரங்களிலும் பொறித்த அடையாளங்களைத் தேடி எடுத்து முத்தும் மணியும் கம்பியும் கொண்டு உருவாக்கினார். நிறம் இரண்டே: தூய்மைக்கு வெள்ளை, மகிமைக்குப் பொன். லாபத்துக்கு விற்கக் கூடாது என்பது அந்த ஆலயத்தார் வகுத்த இன்னொரு விதி. எங்கள் சபையும் லுத்தரன் சபை என்பதால், வெளிநாட்டில் இருக்கும் ஓர் உறவினர் அனுப்பிய படங்களைப் பார்த்த மாத்திரத்தில் எங்கள் சங்கத்துக்கு ஒரு பங்காளி உரிமை வந்துவிட்டது. அதுவரை எங்கள் மரத்தில் தொங்கியவை பிளாஸ்டிக் சாண்டாக்களும், சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட கைத்தடிகளும், யாருக்கென்றே தெரியாத குட்டி மத்தளங்களும்தாம். அவற்றை எடுத்துவிடுவதில் யாருக்கும் மனவருத்தம் இருக்கவில்லை, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைத் தவிர.

வெள்ளையும் பொன்னும்

வேலை தொடங்கியதும் முதலில் எழுந்தது நிறத்தைப் பற்றிய முணுமுணுப்பு. பண்டிகைக்கு யாராவது முழுக்க வெள்ளையில் அலங்கரிப்பார்களா, சிவப்பும் பச்சையும் இல்லாத மரத்தைப் பார்த்தால் கிறிஸ்துமஸ் மாதிரியா இருக்கும் என்று சிலர் கேட்டார்கள். அதற்குப் பதில் ஆலயத்திலேயே இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான வருகைக் காலம் முழுவதும் ஊதா நிறத்தில் கிடக்கும் பீடத் துணி கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வெள்ளையாக மாறுவதை ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்று எங்களில் மூத்த அக்கா ஒருவர் சொன்னார். அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

பாரிமுனையில் பொருள் வாங்கியவர்களுக்குத் தெரியும், வெள்ளை என்பது ஒரு நிறமல்ல என்று. சௌகார்பேட்டை மணிக்கடையில் வெள்ளை முத்து என்று கேட்டால், பால் வெள்ளை ஒரு சரம், லேசாக நீலம் தட்டியது ஒரு சரம், சந்தன நிறம் பாய்ந்தது ஒரு சரம் என்று எடுத்துப் போடுவார்கள். கடை வெளிச்சத்தில் மூன்றும் ஒன்றுபோல் இருக்கும், வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னல் பக்கம் வைத்தால்தான் மூன்றும் மூன்று குடும்பம் என்று தெரியும். பொன்னின் கதை வேறு. கில்ட் பூசிய கம்பி கடையில் தகதகவென்று இருக்கும். ராயபுரத்துக் கடல் காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது, கறுத்துவிடும். இரும்புக் குண்டூசி குத்தினால் அதைச் சுற்றித் தெர்மாகோலில் பழுப்புக் கறை இறங்கும். ஆகவே ஊசிக்கும் கம்பிக்கும் பித்தளையே என்று முடிவாயிற்று. தங்க ஸ்ப்ரே அடித்தால் தெர்மாகோல் கரைந்து குழி குழியாகிவிடும், ஃபெவிபாண்டும் அதே வேலையைச் செய்யும் என்பதால் ஃபெவிகாலை விட்டால் வேறு வழியில்லை. பெட்டியில் எடுத்து வைக்கும்போது பாச்சை உருண்டை போடக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்; அந்த உருண்டையின் ஆவியே தெர்மாகோலை இளக்கிவிடும். மணி கோக்க முதலில் நூலைத்தான் பயன்படுத்தினோம். மூத்த அக்கா காசிமேட்டு வலைக்கடையிலிருந்து தங்கூசி என்ற நைலான் நரம்பு ஒரு கண்டு வாங்கி வந்தார். வலைக்கென்று செய்த அந்த நரம்பு உப்புக் காற்றுக்கும் ஈரத்துக்கும் அசையாது, வெளிச்சத்தில் கண்ணுக்கும் தெரியாது.

தெர்மாகோலைப் பிடித்துக்கொண்டு நாங்கள் தொங்கியதற்குக் காரணம் மரம். எங்கள் மரம் சவுக்கு. சாரத்துக்குக் கட்டை விற்கும் டிப்போக்காரர்கள் வெட்டித் தள்ளும் தலைப்பகுதியை வாங்கி, மண் நிரப்பிய பக்கெட்டில் நட்டுவிட்டால் அதுதான் கிறிஸ்துமஸ் மரம். படங்களில் வரும் ஃபிர் மரத்தின் கிளை விறைப்பாக நீட்டிக்கொண்டிருக்கும், எதை மாட்டினாலும் தாங்கும். சவுக்கின் நுனியோ மயிர் மாதிரி மெல்லியது, கொஞ்சம் கனமாக எதைக் கட்டினாலும் வளைந்து தரையைப் பார்க்கும். எடையில்லாத பொருள்தான் அதில் நிற்கும்.

சீட்டு

அந்த முதல் கிறிஸ்துமஸுக்கு நாங்கள் செய்தவற்றில் கை-ரோ இருந்தது. கிரேக்கத்தில் கிறிஸ்து என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்ட முத்திரை அது. பார்ப்பதற்கு ஓர் எக்ஸின் நடுவே நீண்ட காலுடன் ஒரு பி நிற்பதுபோல் இருக்கும். மருந்துச் சீட்டின் தலையில் டாக்டர் போடும் குறியை ஏன் ஆலயத்தில் தொங்கவிட்டிருக்கிறீர்கள் என்று ஒரு பையன் கேட்டான். கிரேக்க எழுத்துகளில் முதலும் கடைசியுமான அல்பா, ஓமெகா இருந்தன. "நான் அல்பாவும், ஓமெகாவும்" என்ற வசனத்தை எங்கள் சபையில் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள், ஆனால் ஓமெகா என்ற எழுத்தின் உருவத்தைக் கண்டவர்கள் கணக்கு பாடத்திலோ பிசிக்ஸிலோதான் கண்டிருக்கிறார்கள். மூன்று வளையங்கள் பின்னிய திரித்துவச் சின்னம் இருந்தது. மூன்று நீர்த்துளி சொட்டும் சிப்பி, ஞானஸ்நானத்துக்கு. வண்ணத்துப்பூச்சி, உயிர்த்தெழுதலுக்கு. தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்கு ரத்தம் ஊட்டும் பெலிகன் பறவை. இரண்டு வளைவுகள் வாலில் வெட்டிக்கொள்ளும் மீன். பிறகு நங்கூரம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு அடித்துப் பொன் நிற நூலில் கட்டினோம். ஆராதனை முடிந்து மரத்தைச் சுற்றி நின்றவர்களை நான் கவனித்தேன். குனிந்து சீட்டைப் படித்தார்கள், தலையாட்டினார்கள், அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார்கள். முத்து முத்தாகக் கோத்த பொருளைக் கண்ணால் தொட்டவர்கள் சிறு பிள்ளைகள்தான், அவர்களுக்கு இன்னும் வாசிக்க வராது. அங்கிருந்துதான் என் கேள்வி தொடங்கிற்று. அடையாளம் என்பது தெரிந்தவர்களுக்குள் புழங்கும் குறி. ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் அதைக் கீறியவனுக்கும் பார்த்தவனுக்கும் நடுவே யாரும் நின்று விளக்கவில்லை. ராயபுரத்தில் அதையே நாங்கள் மறுபடி செய்தபோது, கல்வெட்டு வாசிப்பதுபோல் ஆகிவிட்டது. இதை அப்போது எங்கள் ஆயரிடமும் சொன்னேன். பீடத் துணியில் தைத்திருக்கும் ஐ.எச்.எஸ். என்பது இயேசுவின் கிரேக்கப் பெயரின் எழுத்துகள் என்று எத்தனை பேருக்குத் தெரியும், தெரியாமலே தலைமுறை தலைமுறையாக அதன் முன் முழங்கால்படியிடவில்லையா என்று அவர் திருப்பிக் கேட்டார். நல்ல பதில்தான். ஆனால் அது என் கேள்வியை இரண்டாக்கிற்றே ஒழிய அடக்கவில்லை.

டிரைவர் சொன்னது

நங்கூரத்துக்கு மட்டும் சீட்டு தேவைப்படாது என்பது எல்லோருடைய துணிபு. காசிமேடு நடக்கும் தூரத்தில் இருக்கிறது. சபைக் குடும்பங்களில் பாதி ஏதோ ஒரு வகையில் துறைமுகத்தின் சோற்றைச் சாப்பிட்டவை. எபிரெயருக்கு எழுதின நிருபம் நம்பிக்கையை ஆத்தும நங்கூரம் என்று அழைப்பதும், அது நிலையும் உறுதியுமானது என்று சொல்வதும் பெண்கள் சங்கத்தின் மனப்பாட வசனங்களில் ஒன்று. படத்தில் இருந்தபடியே தெர்மாகோலை நங்கூர வடிவில் வெட்டி, ஓரம் முழுக்கப் பொன் மணியும் உள்ளே வெள்ளை முத்தும் பதித்தோம். நடுத்தண்டு, அதன் அடியில் இருபுறமும் மேல்நோக்கி வளையும் இரு கைகள், மேலே வளையத்துக்குக் கீழ் ஒரு குறுக்குக் கட்டை. தண்டும் குறுக்குக் கட்டையும் சேர்ந்து சிலுவையாகத் தெரிவதுதான் இந்தச் சின்னத்தின் உயிர். மரத்துக்குச் செய்தவற்றில் பார்க்க மிக அழகாக வந்தது அதுதான் என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை.

அடுத்த ஆண்டு நவம்பரில், நிறம் மங்கியவற்றைப் பழுது பார்க்க ஒரு மாலை ஆலயத்தின் பின்கட்டில் உட்கார்ந்திருந்தோம். மூத்த அக்காவை வீட்டுக்கு அழைத்துப்போக அவருடைய கணவர் வந்தார். காசிமேட்டில் பல ஆண்டுகள் லாஞ்சு ஓட்டியவர், எல்லோரும் டிரைவர் என்றே அழைப்பார்கள். இப்போது கடலுக்குப் போவதில்லை. பண்டிகைக்குப் பண்டிகைதான் ஆலயத்துக்குள் வருவார். வேலை முடியட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்தவர், மேசை மேல் கிடந்த நங்கூரத்தை எடுத்து இரு விரலால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். இந்த நங்கூரம் பிடிக்காது."

"ஒங்களுக்குப் பிடிச்சா என்னா, பிடிக்காட்டி என்னா? வெச்சுட்டு ஒக்காருங்க" என்றார் அக்கா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"எனக்கில்லம்மே. தரையப் பிடிக்காதுன்றேன்."

பிறகு அவர் காட்டினார். மேசையில் கிடந்த பென்சிலைத் தண்டாக வைத்து, ஒரு கம்பித் துண்டை வளைத்து அடியில் கைகளாகப் பிடித்தார். இன்னொரு துண்டைக் குறுக்குக் கட்டையாக மேலே வைத்தார், கைகள் போகும் திசையில் அல்ல, அதற்கு நேர் குறுக்காக. கைகள் கிழக்கு மேற்கு என்றால் கட்டை தெற்கு வடக்கு. நங்கூரம் கடலடியில் விழும்போது நீளமான அந்தக் கட்டைதான் மணலில் படுக்கையாக உட்காரும், கயிறு இழுக்க இழுக்க அது முழு நங்கூரத்தையும் புரட்டும், புரண்டதும் இரு கைகளில் ஒன்று மண்ணை நோக்கித் திரும்பியே தீரும், இழுவை கூடக் கூட அந்தக் கையின் நுனி ஆழப் புதையும். கட்டைக்கு அதைத் தவிர வேறு வேலை கிடையாது. நாங்கள் செய்ததுபோல் கட்டையும் கைகளும் ஒரே தளத்தில் இருந்தால், நங்கூரம் தட்டையாக விழுந்து தட்டையாகவே கிடக்கும், எந்த நுனியும் மண்ணைப் பார்க்காது. "இழுத்துக்கினே போவும் டீச்சர். கூடவே லாஞ்சும் போவும்." ஃபைபர் போட்டுக்கு இந்தத் தொல்லையே இல்லை, கம்பியை வளைத்து நாலு பக்கமும் கொக்கி வைத்துவிடுவார்கள், எப்படி விழுந்தாலும் ஒன்றாவது மாட்டும் என்று போகிற போக்கில் சொன்னார். நங்கூரத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "பாக்க நல்லாத்தான் இருக்கு" என்று சேர்த்தார். அது எங்களுக்கு ஆறுதலாகச் சொன்னது என்று எல்லோருக்கும் புரிந்தது.

அன்று இரவு முழுக்க எனக்கு இதே நினைப்பு. பள்ளிக்கூடத்து அறிவியல் ஆய்வகத்தில் நான் எத்தனையோ தட்டைப் படங்களைக் கரும்பலகையில் வரைந்து நடத்தியிருக்கிறேன். படம் என்பது பொருளின் ஒரு பக்கம் மட்டுமே என்று பிள்ளைகளுக்குச் சொல்லாத நாளில்லை. நங்கூரப் படத்திலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. இருமுனை நங்கூரத்தை ஒரே பார்வையில் காட்ட வேண்டும் என்றால், கட்டையைத் திருப்பிப் போட்டுக் கைகளோடு ஒரே தளத்தில் வரைவதுதான் வழி. இல்லாவிட்டால் கட்டை ஒரு புள்ளியாகத்தான் தெரியும். ரோமாபுரியின் டொமிட்டில்லா, பிரிஸ்கில்லா கல்லறைகளில் நங்கூரத்தை மீன்களோடு சேர்த்துப் பொறித்தவர்கள் சுவரில் பொறித்தார்கள். சுவர் தட்டை. இரண்டாம் நூற்றாண்டின் முடிவில் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து என்ற திருச்சபை ஆசிரியர், விசுவாசிகள் முத்திரை மோதிரத்தில் பொறித்துக்கொள்ளத் தக்கவை என்று புறாவையும் மீனையும் கப்பலையும் யாழையும் நங்கூரத்தையும் எடுத்துச் சொன்னார். மோதிரத்தின் முகமும் தட்டைதான். அதே இடத்தில் அவர், மீன் பிடிக்கும் ஒருவனைப் பொறித்துக்கொண்டால் அது அப்போஸ்தலனை நினைவூட்டும் என்றும் எழுதியிருக்கிறார். இவற்றைப் பார்த்த அந்தக் காலத்துத் துறைமுக மனிதர்கள், தட்டைப் படத்திலிருந்து உண்மை நங்கூரத்தை மனத்துக்குள் நிமிர்த்திக்கொண்டிருப்பார்கள். டிரைவர் செய்ததும் அதைத்தான். அவருக்குத் தொந்தரவாக இருந்தது, நாங்கள் படத்தைப் படமாக விடாமல் கனமுள்ள ஒரு பொருளாகச் செய்து அந்தரத்தில் தொங்கவிட்டிருந்தது. பொருள் என்றால் அது பொருளாக நடந்துகொள்ள வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். அந்த எதிர்பார்ப்பில் எனக்குத் தவறு தெரியவில்லை. நிலையும் உறுதியுமான நம்பிக்கைக்கு அடையாளம் என்று சொல்லி, கடலில் போட்டால் வழுக்கிக்கொண்டு போகிற ஒன்றை மாட்டி வைப்பது, வசனத்துக்கே எதிர்வசனம் எழுதிக் கட்டியதுபோல் எனக்குப் பட்டது.

பிடிக்கும் நங்கூரம்

ஆகவே புதிதாகச் செய்தோம். தெர்மாகோல் தகடு இதற்கு உதவாது, அது எப்போதும் ஒரே தளத்தில்தான் யோசிக்கும். பித்தளைக் கம்பி மூன்று இழையை முறுக்கித் தண்டு செய்தோம். முறுக்கும்போதே மேல் பாகத்தில் இழைகளைச் சற்றே விலக்கி ஒரு துளை விட்டோம், ஏனென்றால் உண்மையான நங்கூரத்திலும் கட்டை தண்டிலுள்ள துளை வழியாகத்தான் நுழைகிறது. கைகளை வளைத்துக் கட்டிய பிறகு, அவற்றுக்கு நேர் குறுக்காக அந்தத் துளையில் கட்டையைச் செருகினோம். மணி கோத்த தங்கூசி நரம்பை அடியிலிருந்து மேலாக நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தபோது, கட்டையும் தண்டும் கூடும் இடத்தில்தான் கை சிக்கிற்று. நான்கு மூலையிலும் நரம்பு சறுக்கி, கம்பி பல்லைக் காட்டியது. சின்னஞ்சிறு பொன் மணிகளைத் தனியே ஒரு வளையமாகக் கோத்து அந்தக் கழுத்தில் மாலைபோல் போட்டு மூத்த அக்கா அதை மறைத்தார். முழுவதும் முடிந்து, வளையத்தில் நூல் கட்டி மின்விசிறிக்குக் கீழே தூக்கிப் பிடித்தோம்.

ஒரு பக்கமிருந்து பார்த்தால் கைகள் தெரிந்தன, கட்டை தெரியவில்லை. தண்டின் தலையில் ஒரு மணி மட்டும் இருந்தது. நூல் முறுக்கிக்கொண்டு அது கால்வட்டம் திரும்பியபோது கைகள் தண்டுக்குப் பின்னால் ஒளிந்தன, நேராக ஒரு சிலுவை நின்றது. மறுபடி கால்வட்டம், மறுபடி நங்கூரம். தரையைப் பிடிக்கிற நங்கூரத்தில் நங்கூரமும் சிலுவையும் ஒருசேர முழுமையாகத் தெரிய வழியில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

சங்கத்தில் இதைப் பற்றி நடந்த வாக்குவாதம் சாதாரணமானதல்ல. பாதி நேரம் சிலுவையே தெரியாத ஒரு பொருளை எப்படிக் கிறிஸ்தவச் சின்னம் என்று மாட்டுவது என்று செயலாளர் கேட்டார். நாலாவது வரிசைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு ஒரு குச்சி தொங்குவதுபோல்தான் இருக்கும் என்றார் இன்னொருவர், அது உண்மையும்கூட. பழையதை முன்பக்கமும் புதியதைப் பின்பக்கமும் மாட்டலாம் என்று சமாதானம் பேசியவர்களும் உண்டு. ஒற்றை நூலில் தொங்குவதால்தானே சுழல்கிறது, கட்டையின் இரு முனையிலும் இரண்டு நூல் கட்டிச் சாய்வாக நிறுத்திவிட்டால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரியுமே என்று ஒரு இளம்பெண் சொன்னாள். செய்து பார்த்தோம். தெரிந்தது. ஆனால் இரண்டும் அரைகுறையாகத் தெரிந்தன. கல்யாண வீட்டில் இரு பக்கத்துச் சொந்தத்துக்கும் நடுவில் நின்று யாருக்கும் முகம் கொடுக்காத ஆளைப்போல் அது இருந்தது. சிலவற்றை இரட்டை நூலிலும் சிலவற்றை ஒற்றை நூலிலும் கட்டினோம். என் ஓட்டு ஒற்றை நூலுக்கு. மாலை ஆராதனையில் விசிறிகள் ஓடும்போது அவை ஓயாமல் திரும்பின, பிள்ளைகள் மட்டுமல்ல, வயதானவர்களும் கிட்டே போய் நின்று பார்த்தார்கள். நங்கூரத்துக்கு அந்த ஆண்டு நாங்கள் சீட்டு கட்டவில்லை. டிரைவர் வந்து பார்த்துவிட்டு, கைகளின் நுனியைத் தட்டையாக அடித்திருக்கலாம், கூராக விட்டுவிட்டீர்கள், மணலில் அறுத்துக்கொண்டு வரும் என்றார்.

அப்படியென்றால் பெலிகன்?

எனக்கு நானே எழுப்பிக்கொண்ட சிக்கல் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. நங்கூரம் உண்மையாக இருக்க வேண்டும் என்று கேட்டவள், பெலிகனையும் அதே கேள்வி கேட்க வேண்டாமா? பெலிகன் என்பது நம் கூழைக்கடா. பழவேற்காட்டு ஏரியில் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். அது தன் மார்பைக் கொத்திக் குஞ்சுக்கு ரத்தம் கொடுப்பதில்லை. அலகை மார்போடு சேர்த்து அழுத்திக்கொள்ளும் பழக்கத்தைத் தூரத்திலிருந்து கண்டவர்கள் அப்படி ஒரு கதையைக் கட்டியிருக்கலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பழங்கால விலங்குக் கதைகளின் வழியாகத் திருச்சபைக்குள் வந்த அந்தக் கதை, நற்கருணைக்கு அடையாளமாகி ஆலயங்களின் கண்ணாடி ஜன்னல்களில் உட்கார்ந்துவிட்டது. டிரைவரிடம் அந்தக் கதையைச் சொன்னேன். "ரத்தமா? அது வாயில நம்ம மீனுதான் டீச்சர் இருக்கும்" என்றார்.

பெலிகனை எடுத்துவிடலாம் என்று ஒரு வாரம் எனக்குத் தோன்றியது. பிறகு மனம் மாறிற்று. நங்கூரத்தின் பொருள் அது செய்யும் வேலையில் இருக்கிறது. பிடித்து நிறுத்தும் என்பதற்காகத்தான் அதை நம்பிக்கைக்கு ஒப்பிட்டார்கள். பிடிக்காவிட்டால் ஒப்புமையே விழுந்துவிடும். பெலிகனின் பொருள் பறவையில் இல்லை, பறவையைப் பற்றிச் சொன்ன கதையில் இருக்கிறது. கதைக்கு உண்மையாக இருந்தால் போதும், ஏரிக்கு உண்மையாக இருக்க வேண்டியதில்லை. சிபி தன் தொடையை அரிந்து கொடுத்த கதையைக் கேட்கும் யாரும் தராசின் எடையைச் சரிபார்ப்பதில்லை. மீனுக்கு இதில் நடுவிலான இடம். அதன் பொருள் கிரேக்க எழுத்துகளில் இருக்கிறது, இயேசு கிறிஸ்து தேவகுமாரன் இரட்சகர் என்பதன் முதலெழுத்துகள் சேர்ந்து மீன் என்ற சொல்லாகின்றன. ஆகவே இரண்டு வளைவே போதும், செதில் வேண்டாம். இதையும் சங்கத்தில் சொன்னேன். வஞ்சிரமா, வவ்வாலா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள். இந்தப் பிரிவினை எல்லாச் சின்னத்துக்கும் ஒத்துவருமா என்று கேட்டால், கிரீடத்தையும் சிப்பியையும் எந்தப் பக்கம் வைப்பது என்பதில் எனக்கே இன்னும் குழப்பம்தான்.

விற்பனை விஷயம் சீக்கிரமே முடிந்தது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் இந்த நங்கூரங்களை வைத்தால் ஆலயக் கூரைக்கு நல்ல தொகை சேரும் என்று பொருளாளர் சொன்னார். பூசணிக்காயும் சேவலும் விலைபோகும் ஏலத்தில் இவை போட்டி போட்டு விலை ஏறும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. டேன்வில்காரர்களின் விதியை நான் எடுத்துச் சொன்னேன். நாம் செய்வது அவர்கள் செய்ததே அல்லவே, டிரைவர் நங்கூரம் அல்லவா என்று பொருளாளர் வாதாடினார். வாதம் கெட்டிதான், ஆனாலும் ஏலத்துக்கு அனுப்பவில்லை. கேட்டவர்களுக்குச் சும்மா கொடுத்தோம். காசிமேட்டில் ஒரு லாஞ்சின் வீல் ரூமில், மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஒன்று தொங்குகிறது. ஓனர் வந்து கேட்டு வாங்கிப்போனார்.

இந்த ஆண்டு கப்பல். திருச்சபையைக் கப்பலாகக் காட்டுவதும், பாய்மரத்தைச் சிலுவையாக்குவதும் பழைய வழக்கம். பாய்மரக் கப்பலை எங்கள் பகுதியில் யார் பார்த்தது, லாஞ்சாகச் செய்யலாம் என்றார்கள் சிலர். எனக்கு மசூலா படகு மனத்தில் இருக்கிறது. துறைமுகம் வருமுன், தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தது அதுதான். 1829-இல் இங்கே புனித பேதுரு ஆலயத்தை எழுப்பியவர்கள் படகுக்காரச் சமூகத்தார். மசூலாவில் ஆணி கிடையாது, பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது பலகை வளைந்து கொடுக்கும், பிளக்காது. அதை டிரைவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கவும் முடியாது. "நானே பார்த்ததில்ல டீச்சர், எங்க தாத்தா காலத்துது" என்று கைவிரித்துவிட்டார். மெல்லிய அட்டைப் பலகைகளை வெட்டி, ஓரத்தில் துளையிட்டு, உண்மைப் படகைத் தைத்ததுபோலவே தைக்கலாம் என்று இருக்கிறோம். சரிகை நூலில் தைக்கலாம் என்கிறார்கள் பலர். நாரையே மெல்லிதாகத் திரித்துத் தைக்க வேண்டும் என்பது என் கட்சி. வெள்ளை, பொன் என்ற விதியில் தேங்காய் நார் எதில் சேரும் என்று செயலாளர் கேட்டிருக்கிறார். அலசிக் காயவைத்தால் பொன்தான் என்று மூத்த அக்கா சொல்லிவிட்டு, வீட்டில் இரண்டு மட்டையை ஊறப்போட்டிருக்கிறார்.